பீரோவுக்குள்ள வாசிச்ச செய்தி

...அதுல என் தப்பு என்னண்ணே இருக்கு? நீங்களே சொல்லுங்க. நீங்க ஆயக்குடியில இருந்து புதுசா வந்த மனுசன். இந்த ஊருத் தண்ணி இன்னும் ஒரு சொட்டு உங்க வயித்துக்குள்ள போகல. அதனால உங்களுக்கு ஒரு பக்கம் சாயத் தெரியாது. நியாயமாச் சொல்லுவீங்க.

ஆ... ஆ... குடத்த அங்க வைக்காதீங்க! அது கல்லு இல்ல. பாத்தா கல்லு மாதிரிதான் இருக்கும், ஆனா அது முத்துப்பேச்சியக்கா. எடம் புடிக்கக் கல்லப் போட்டுட்டு அக்கா அடுப்பப் பாக்கப் போயிருக்கு. அதத் தள்ளுனா அக்காவத் தள்ளுன மாதிரி. அங்கிட்டு ஒடஞ்ச சட்டி தெரியுதா, அது தையக்காரரு வீடு. இந்தத் தகரம் எங்க அம்மா. நான் எங்க அம்மாவுக்குக் காவல் நிக்கேன். நீங்க எனக்குப் பின்னாடி வைங்க. ஆங், அப்படி.

என் பேரு முனீர். ஜெய்தூன் பீவி மகன்னு கேட்டா இந்த நாகல் நகர்ல எல்லாருக்கும் தெரியும். முனீருன்னு கேட்டா பாதிப் பேரு தெரியாதும்பாங்க, மீதிப் பேரு எதுக்குக் கேக்குறன்னு கேப்பாங்க. உங்க வீட்டுக்கு எதுத்த வீடுதான். முந்தாநாளு உங்க கட்டிலு வாசல்ல நொழையாம நின்னப்ப, ‘கால் நாலையும் கழட்டுங்க’ன்னு தெருவுல இருந்து கத்துனது நான்தான். கழட்டுன பெறகும் நொழையல, அது வேற விசயம்.

தண்ணியா? வரும். செத்த நேரத்துல வரும். வரணும். வந்தாத்தான... சரி, அதத்தான சொல்லிக்கிட்டு இருந்தேன். எங்க விட்டேன்? ஆங், என் தப்பு.

எல்லாத்துக்கும் காரணம் எங்க ஹெட்மாஸ்டரு இருதயநாதன் சார்தான். எங்க ஹெட்மாஸ்டருன்னா, இப்ப எனக்கு அவரு ஹெட்மாஸ்டரு இல்ல. நான் பத்தாவதுல பாதியில எந்திரிச்சு வந்தவன். யாரும் வெரட்டல. கணக்குப் பாடம் நடந்துக்கிட்டு இருக்கு, சன்னலுக்கு வெளிய ஒரு மைக்செட்டு வண்டி போகுது, சத்தம் கொரகொரன்னு காது கிழியுது. அதச் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்துருவோம்னு எந்திரிச்சுப் போனேன். மூணு வருசமாச்சு. இன்னும் சரி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். நடுவுல பூட்டுப் பட்டறையில கொஞ்ச நாளு அரத்தால சாவி தேச்சேன். எங்க அத்தா கூட தோல் பதப்படுத்துற ஷாப்புக்குப் போனேன், அந்த நாத்தத்துல எனக்குப் பேச்சு வரல, அதனால நின்னுட்டேன். பேச்சு வராத எடத்துல எனக்கு என்ன வேல? திரும்ப மைக்செட்டு. கல்யாணம், காதுகுத்து, பள்ளிவாசல் கந்தூரி, மாரியம்மன் கோயில் திருவிழா, எல்லாத்துலயும் ‘அலோ அலோ மைக் டெஸ்டிங்’ கேட்டுச்சுன்னா அது நான்தான்.

சார் போன வருசம் டெல்லிக்குப் போனாரு. வாத்தியாருங்க மாநாடாம். போகும்போது நல்லாத்தான் இருந்தாரு. அங்க ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துல டெலிவிஷன் பொட்டியக் காட்டியிருக்காங்க. டெலிவிஷன் தெரியுமாண்ணே உங்களுக்கு? தெரியாதா? வெக்கப்படாதீங்க, திண்டுக்கல்லுல எவனுக்குமே தெரியாது. மெட்ராஸ்லயே கெடையாது. ரேடியோ இருக்குல்ல, அதுக்குள்ள பேசுறவன் மூஞ்சியும் தெரிஞ்சா அது டெலிவிஷன். நான் கேட்டேன், ‘சார், சில பேரு மூஞ்சி தெரியாம இருக்கறதே நல்லதில்லையா சார்?’ சிரிக்க மாட்டாரே. ‘முனீர், செய்தி சொல்றவன் மூஞ்சியக் காட்டித்தான் சொல்லணும். அப்பத்தான் அவனுக்குப் பொறுப்பு வரும்’னாரு.

அந்த ஒரு வார்த்தைதான் இன்னைக்கு என் கழுத்துல கெடக்கு.

வந்தவரு சும்மா இருக்காம, ‘ஆண்டுவிழாவுக்கு நம்ம பிள்ளைகளும் டெலிவிஷன் செய்தி தயாரிக்கப் போகுது’ன்னு நோட்டீசு அடிச்சுட்டாரு. நோட்டீசு அடிச்ச பெறகுதான் யோசிச்சிருக்காரு, அத யாரு சொல்லித் தர்றதுன்னு. தமிழய்யாவக் கேட்டாரு, அவரு அந்தச் சொல்லே தமிழ் இல்லைன்னுட்டாரு. சயின்ஸ் வாத்தியாரு, கண்ணாடிக் கொழா வேணும், அது சீமையில இருந்து வரணும்னாரு. கடைசியில என்னையக் கூப்புட்டு விட்டாரு. ஊருலயே மைக்கப் பாத்து பயப்படாதவன் நான் ஒருத்தன்தானாம். மொறைப்படி பாத்தா மைக்குதான் என்னையப் பாத்து பயப்படணும்.

‘செஞ்சு குடு முனீர்’னாரு. ‘ஒழுங்காச் செஞ்சு குடுத்தா, வர்ற ஜூன்ல உன்னைய மறுபடி பத்தாவதுல சேத்துக்கறேன். வயசு தாண்டிருச்சு, ஆனா நான் கையெழுத்துப் போட்டா நடக்கும்’னாரு.

எனக்கு ஒண்ணும் ஆசையில்லண்ணே. மீசையோட போயி அரும்பு மீசைக்காரனுங்க நடுவுல உக்காரணுமாக்கும். பழைய கணக்குப் புஸ்தகம் ஒண்ணு மட்டும் வாங்கி வச்சிருக்கேன். அது சும்மா, மைக் ஸ்டாண்டு ஆடுனா அடியில முட்டுக் குடுக்க. ராவுல அப்பப்ப பிரிச்சுப் பாக்குறது, எம்புட்டு பக்கம் முட்டுக் குடுத்திருக்குன்னு. வட்டம் பாடம் வரைக்கும் முட்டுக் குடுத்தாச்சு.

வாக்கா... வா. பாத்தியா, உன் கல்லுக்கு ஒரு சேதாரமும் இல்ல. இவரு நம்ம எதுத்த வீட்டுக்குப் புதுசா வந்தவரு. ஆயக்குடி. நல்ல மனுசன், வாயே தெறக்க மாட்டேங்குறாரு. ஆமாக்கா, அந்தக் கதையத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ ஏன் மொறைக்கிற? நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல. நீ கல்ல எடுத்துட்டுக் குடத்த வையி.

கேளுங்கண்ணே. பொட்டி வேணுமே. சயின்ஸ் ரூம்ல ஒரு மரப்பீரோ கெடந்துச்சு. உள்ள எலும்புக்கூடு இருந்துச்சு, அத எறக்கி ஹெட்மாஸ்டரு ரூமு மூலையில நிப்பாட்டிட்டோம். அன்னைக்கு முழுக்க சார் ரூமுக்கு ஒரு பய தண்டனைக்கு வரல. பீரோவோட முன்கதவுல மேல்பாதிய அறுத்து, ஒரு படச்சட்டம் மாட்டி, உள்ள ரெண்டு பல்பு. செய்தி வாசிக்கிற பிள்ளை உள்ள ஸ்டூல்ல உக்காந்தா வெளிய தல, தோளு மட்டும் தெரியும். கதவச் சாத்துனா டெலிவிஷன், தெறந்தா பீரோ. ஆனா உள்ள பல்பு சூடு. இந்தப் பக்கம் கோழிமுட்டை வச்சா அந்தப் பக்கம் குஞ்சு வந்துரும். ஒவ்வொரு செய்திக்கும் நடுவுல கதவத் தெறந்து விசிறணும்.

சார் சொல்லிட்டாரு, வெறும் பேச்சு மட்டும் இருந்தா அது ரேடியோ, படமும் வேணும்னு. நாச்சிமுத்துன்னு ஒரு பய, சேவுகம்பட்டி, விவசாயக் குடும்பம். நல்லா வரைவான். கடையில சாமான் கட்டுற பழுப்புப் பேப்பர நீளமா ஒட்டி, அதுல வரிசையாப் படம் போட்டு, ரெண்டு முனையையும் ரெண்டு பூரிக்கட்டையில சுத்தி... புரியுதா? ஒரு கட்டையச் சுத்துனா அடுத்த கட்டையில இருந்து படம் நகந்து வரும். பூரிக்கட்ட ஒண்ணு எங்க வீட்டுது. எங்க அம்மா ஒரு மாசமா அரிசிப் பத்திரி ரொட்டிய கையில தட்டிக்கிட்டு இருக்கு, என்னையத் தட்ட வேண்டிய ஆத்தரத்த அதுல தட்டுது.

ஆனா அந்தப் பயலுக்கு எதப் போடச் சொன்னாலும் ஒரு மாடு வந்துரும். பிரதம மந்திரி பேசுறாருன்னு செய்தி, பக்கத்துல மாடு நிக்குது. ரஷ்யாக்காரன் ராக்கெட்டு விடுறான், கீழ மாடு மேயுது. ‘ஏலே, ரஷ்யாவுல எதுக்குடா மாடு?’ன்னா, ‘அங்க பாலு குடிக்க மாட்டாங்களாண்ணே?’ங்குறான். மாட்டோடயே விட்டுட்டேன்.

வாசிக்கிறது சண்முகவள்ளி. கொரலுன்னா கொரலு, மைக்கே தேவையில்ல, மைக்க வச்சது ஒரு மரியாதைக்கு. ஆனா நாடகத்துல நடிச்சுப் பழகுன பிள்ளை. வெங்காயம் வெல கொறஞ்சதுன்னு எழுதிக் குடுத்தா, ‘ஐயகோ’ன்னு அதுவாச் சேத்துக்கும். எவனாவது செத்தான்னு செய்தி வந்தா முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடச்சுக்கும். ‘எம்மா, செத்தவரு உனக்குச் சொந்தமா?’ ‘இல்லண்ணே.’ ‘அப்பறம்? அழுகறது கேக்குறவன் வேலம்மா. உன் வேல யாரு, எங்க, எப்ப, அம்புட்டுதான்.’ இது யாரு எனக்குச் சொல்லிக் குடுத்தது? யாரும் இல்ல. கோயில் திருவிழாவுல காணாமப் போன பிள்ளைகள மைக்குல சொல்லிச் சொல்லி வந்தது. ‘மூணு வயசுப் பொம்பளப்பிள்ள, பச்சப் பாவாடை, பேரு கேட்டா அம்மாங்குது, மைக்செட்டுக்கிட்ட நிக்குது.’ இதுல நான் அழுதா தாய்க்காரிக்கு எடம் வெளங்குமா?

சேதி எடுத்துட்டு வாங்கன்னு பிள்ளைகள ஊருக்குள்ள அனுப்புவேன். மொத நாளு நாச்சிமுத்து, ‘எங்க பக்கத்து வீட்டு மாடு கன்னு போட்டுச்சு’ன்னு வந்து நிக்கிறான். ‘என்ன கன்னு?’ தெரியல. ‘என்ன நெறம்?’ தெரியல. ‘மாடாச்சும் மாடுதானாடா?’ திரும்பி ஓடுனான் பாத்துட்டு வர. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து சேவுகம்பட்டி போயி கேட்டுட்டு வந்தான்னா பாத்துக்கங்க. அப்படித்தாண்ணே, பிள்ளைக நல்ல பிள்ளைக. ஒண்ணு சொன்னா ஒம்பது செய்யும். அதுதான் வென.

எங்க மைக்செட்டுத் தொழில்ல ஒரு சட்டம் இருக்கு. விசேஷ வீட்டுல மைக்கு ஊமையாகக் கூடாது. பாட்டு முடிஞ்சா பேச்சு, பேச்சு முடிஞ்சா பாட்டு. செத்த நேரம் சத்தம் நின்னாலும், தெருவுல போறவன் ‘என்ன, அங்க ஏதும் ஆகிப்போச்சா?’ன்னு எட்டிப் பாத்துருவான். மாப்பிள வீட்டுக்காரனுக்கு மொகம் சுருங்கிரும். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வச்சேன். ‘கையில பேப்பரு தீரலாம், வாய் தீரக்கூடாது. நான் வெரல இப்படிச் சுத்துனா நிப்பாட்டாம ஓட்டணும்.’ டெல்லி டெலிவிஷன்ல அப்படித்தானான்னு சார் கேட்டாரு. திண்டுக்கல் டெலிவிஷன்ல இப்படித்தான் சார்னேன்.

இப்ப அந்த விசயத்துக்கு வாரேன். சண்முகவள்ளிக்கு ஒரு கொற, வாசிக்கும்போது செய்திக்கு ஏத்த மாதிரி அதுவும் ஆடும். அத நிப்பாட்ட ஒரு பரீட்ச வச்சேன். துண்டுப் பேப்பர்ல நான் என் கையால எழுதிக் குடுத்தேன்: ‘சற்றுமுன் கிடைத்த செய்தி. நாகல் நகர் பெரிய குழாயில் இப்போது தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.’ இத ஆடாம அசையாம வாசிச்சிட்டா, நீ எந்தச் செய்தியையும் வாசிச்சிருவேன்னேன். மாசி பொறந்ததுல இருந்து இந்தக் கொழாயில காத்துதாண்ணே வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பிள்ளை வீடும் இந்தத் தெருதான். ‘வந்துகொண்டிரு’ வரைக்கும் வாசிச்சுச்சு. ஸ்டூல விட்டு எந்திரிச்சுச்சு. பீரோவோட மேல்பலகையில டங்குன்னு இடிச்சுக்கிட்டு உக்காந்துச்சு. ‘பொய்யின்னு தெரியுதுண்ணே, ஆனா காலு எந்திரிக்குது’ன்னுச்சு. ஒரு வாரம் தெனமும் அதையே வாசிக்க வச்சு, கடைசியில கல்லு மாதிரி உக்காந்து வாசிச்சுச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு.

ஆண்டுவிழா போன வெள்ளிக்கு முந்துன வெள்ளி. மைதானம் பூராம் ஜனம். பாதிப் பேரு இந்தத் தெருப் பொம்பளைங்க. முன்வரிசையில எங்க அம்மா. சிறப்பு விருந்தாளி நம்ம வார்டு கவுன்சிலரு மலைச்சாமி. அவரு வந்து எறங்கி, மாலை வாங்கி, மாலைய அவுத்து, மறுபடி வாங்கி... அவருக்கு ஒரு பழக்கம், மாலை போடும்போது போட்டோக்காரன் கண்ண மூடிட்டாலும் திரும்பப் போடச் சொல்லுவாரு. அதுக்குள்ள எங்க செய்தி ஓடிக்கிட்டு இருக்கு. டெல்லி முடிஞ்சிருச்சு, ரஷ்யா முடிஞ்சிருச்சு, ரேஷன் அரிசி முடிஞ்சிருச்சு, வெங்காய வெல முடிஞ்சிருச்சு, ஐயகோ இல்லாம. கைதட்டுன்னா அப்படிக் கைதட்டு. சார் மேடையில இருந்து என்னையப் பாத்து தலைய ஆட்டுறாரு. ஜூன் மாசம் என் கண்ணுக்குத் தெரியுது.

அந்நேரம் பாத்து கடைசிப் படம் பூரிக்கட்டையில மாட்டிக் கிழிஞ்சு போச்சு. நாச்சிமுத்து ஒட்டுறான், ஒட்டுறான், கோந்து காயல. சண்முகவள்ளி கையில பேப்பரு தீந்து போச்சு. மைக்கு ஊமை. மேடையில கவுன்சிலரு, ‘என்னய்யா, பொட்டி நின்னு போச்சா?’ன்னு கேக்குறாரு. அந்தப் பிள்ளை என்னையப் பாக்குது. என் கை... என் கை என்னையக் கேக்கலண்ணே. மூணு வருசப் பழக்கம். தானா வெரலச் சுத்திருச்சு. ‘ஓட்டு!’

அந்தப் பிள்ளை மடியில இருந்த அந்தப் பரீட்சத் துண்டுப் பேப்பர எடுத்துச்சு.

வாசிச்சுச்சு பாருங்க! ஒரு ஆட்டம் இல்ல, ஒரு அசைவு இல்ல. யாரு, எங்க, எப்ப. டெல்லிக்காரன் வந்து கத்துக்கிட்டுப் போகணும்.

மைதானத்துல அம்புட்டுத் தலையும் தெருப் பக்கம் திரும்புச்சு. அப்பறம் எந்திரிச்சாங்கண்ணே. திருவிழாவுல யானை மெரண்டப்பகூட நான் அப்படிப் பாக்கல. பெஞ்சு சாயுது, பிள்ளைகள இடுப்புல தூக்குறாங்க, செருப்பு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். சயின்ஸ் வாத்தியாரு வேட்டிய மடிச்சுக் கட்டுறாரு. நான் ஓடிப் போயி, ‘அம்மா, அது பொய்யி, நான்தான் எழுதுனேன்’ங்குறேன். எங்க அம்மா, ‘பொய்யோ நெசமோ, மொதல்ல எடத்தப் புடிப்போம்’ன்னு சொல்லிட்டு, மேடையில விருந்தாளிக்கு வச்சிருந்த தண்ணிப் பானையக் கவுத்துட்டுத் தூக்கிட்டு ஓடுது. ஏக்கா, சிரிக்காத, நீயுந்தான ஓடுன? நீ கையில என்ன கொண்டு போன? பரிசுக் கோப்பை! ஓட்டப்பந்தயத்துல மொதப் பரிசு. எவனும் வாங்காத கோப்பைய நீ வாங்கிட்டுப் போன.

மைதானத்துல மிச்சம் யாரு? ஹெட்மாஸ்டரு, கவுன்சிலரு, அஞ்சு மாலை, பீரோ. பீரோவுக்குள்ள சண்முகவள்ளி, ஆடாம.

கொழாயத் தெறந்தா புஸ்ஸு. காத்து. அம்புட்டுக் கூட்டமும் காலிப் பாத்திரத்தோட திரும்புது. வரும்போது ஓட்டமா வரல, நடையா வருது. அதத்தாண்ணே பயப்படணும். மேடைக்கு முன்னாடி வந்து நின்னாங்க. ஆளாளுக்குப் பாத்திரத்தக் கவுத்துக் காமிச்சாங்க.

மலைச்சாமி ஆளு எப்படின்னா, வழுக்குனா அப்படியே தண்டால் எடுக்குறவரு. மைக்கப் புடிச்சாரு. ‘தாய்மார்களே! நானே சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள டெலிவிஷன் சொல்லிருச்சு! தெறக்கச் சொல்லி ஆளு அனுப்பியாச்சு! இன்னையில இருந்து தெனமும் உங்க கொழாயில தண்ணி!’ சொல்லிட்டு, மைக்க ஒரு கையால பொத்திக்கிட்டு, கூட வந்தவன் காதுல, ‘ஏலே, சைக்கிள எடுத்துட்டுப் போயி தெறக்கச் சொல்றா’ங்குறாரு. பொத்துனா கேக்காதுன்னு நெனச்சுட்டாரு. அது என் மைக்குண்ணே. பொத்துனாலும் கேக்கும்.

தண்ணி வந்துச்சு. நெசமா வந்துச்சு. அன்னையில இருந்து தெனமும் காலையில, இந்தா, இந்நேரம்.

அப்ப எல்லாருக்கும் நல்லதுதான? கொழாய்க்குத் தண்ணி, கவுன்சிலருக்குப் பேரு, எனக்குப் பத்தாவது. அப்படித்தான நெனப்பீங்க? நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டுப் போயி சார் முன்னாடி நின்னேன். பின்னாடி எலும்புக்கூடு வேற நிக்குது.

‘அது உண்மைச் செய்தியா முனீர்?’

‘தண்ணி வந்துச்சே சார்.’

‘வாசிச்சப்ப?’

நான் எலும்புக்கூட்டப் பாத்தேன். அது ஒத்தாசைக்கு வரல.

‘என் பள்ளிக்கூடத்துப் பெட்டியில இருந்து ஒரு பொய் போயிருக்கு. மூஞ்சியக் காட்டிச் சொல்லியிருக்கோம். திங்கக்கிழமை பிரேயர்ல அதே பீரோவுக்குள்ள நீ உக்காந்து, அது பொய்ச் செய்தின்னு உன் வாயால வாசி. வாசிச்ச அன்னைக்கே வர்ற ஜூனுக்கு உன் பேரப் பத்தாவதுல எழுதிர்றேன். இல்லைன்னா உனக்கு மைக்செட்டே போதும்’னாரு. கோவமே படல. அவரு கோவப்பட்டா சமாளிச்சிருவேண்ணே. மெதுவாப் பேசுனா தலைய ஆட்டிட்டு வந்துருவேன்.

சரி, ஒரு வாக்கியந்தான, வாசிச்சுட்டாப் போகுதுன்னுதான் நெனச்சேன். வீட்டுல வந்து சொன்னேன். எங்க அம்மா கரண்டியக் கீழ வச்சுருச்சு. ‘பொய்யின்னு நீ சொன்னா, மலைச்சாமி என்ன சொல்லுவான்? பொய்ச் செய்திக்காகத் தெறந்தேன், இப்பப் பொய்யின்னு ஆகிப்போச்சு, மூடுறேம்பான். நீ படிக்கிறதுக்குத் தெருவே நாக்கு வறண்டு கெடக்கணுமா?’ முத்துப்பேச்சியக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா? சொல்லுக்கா. வேண்டாமா? நான் வாசிச்சா என் நாக்க இழுத்து வச்சு அம்மியில அரைக்கிறேன்னுச்சு. என்னத்துக்கு ஆகும் அந்தத் தொவையலு?

இது வெறும் பயம் இல்லண்ணே. மறுநாளே மலைச்சாமி பிரியாணிக் கடை வாசல்ல வச்சு என் தோள்ல கையப் போட்டாரு. ‘தம்பி, ஹெட்மாஸ்டரு சொன்னாரு. தைரியமாப் போயி உண்மையச் சொல்லு. உண்மைதான்யா பெருசு’ங்குறாரு. அவரு உண்மையப் பத்திப் பேசி நான் கேக்குறது அதுதான் மொதத் தடவ. பக்கத்துத் தெருக்காரன் எல்லாம் எங்களுக்கு எப்பன்னு அவரு வீட்டு வாசல்ல குடத்தோட நிக்கிறானாம். எப்படா நிப்பாட்டலாம்னு இருக்காரு மனுசன். நான் வாயத் தெறந்தா அவரு கொழாய மூடிருவாரு.

போன திங்கக்கிழமை மைக்குல ஒரு வயரு தானா அந்து போச்சு. தானாத்தான். சார் அந்த வயர எடுத்துப் பாத்தாரு. அந்த எடம் கத்தரிக்கோல்ல வெட்டுன மாதிரி நேரா இருந்துச்சு. ‘அடுத்த திங்கள்’னாரு, அம்புட்டுதான். அடுத்த திங்கள்னா இன்னைக்கு. பிரேயர் மணி இப்ப அடிச்சிரும். அங்க நாச்சிமுத்து காலையில இருந்து பீரோவத் தொடச்சு வச்சுட்டு நிக்கிறான். சண்முகவள்ளி நேத்து வந்து கேக்குது, ‘அண்ணே, தப்பாப் போன செய்திய எப்படித் திருத்தி வாசிக்கிறதுன்னு நீங்க சொல்லியே தரலையே?’ன்னு. என்னத்தச் சொல்றது? எனக்குத் தெரிஞ்சாத்தான சொல்ல.

பொய்யின்னா தண்ணி போச்சு. உண்மைன்னா பத்தாவது போச்சு. நீங்களே சொல்லுங்க, இதுக்கு நடுவுல ஒருத்தன் எங்கிட்டுப் போவான்?

என்னண்ணே? என்னமோ கேட்டீங்களே, சத்தமாக் கேளுங்க. அட, வாயத் தெறந்துட்டாரு! ‘அப்ப என்னதாங்க நடந்துச்சு?’ன்னா கேக்குறீங்க? இம்புட்டு நேரம் அதத்தானய்யா சொல்றேன். வாசிச்சப்ப தண்ணி வரல. வாசிச்ச பெறகு அவரு தெறக்கச் சொன்னாரு. தெனமும் விடுறேன்னு அவரு வாயாலயே...

இருங்க. இருங்க இருங்க.

அவரு வாயாலயே மைக்குல சொன்னாரு. அதுவும் நடந்ததுதான? சார் பொய்யத் திருத்தணும்னுதான சொன்னாரு, மிச்சத்த முழுங்கணும்னா சொன்னாரு? கேளுங்கண்ணே, எப்படி இருக்குன்னு சொல்லுங்க. ‘திருத்தம். ஆண்டுவிழாவில் வாசித்த தண்ணீர்ச் செய்தி, வாசித்த நேரத்தில் பொய். எழுதியவன் முனீர். வாசித்த பிள்ளை மேல் தவறு இல்லை. அதன் பிறகு, தினமும் தண்ணீர் விடுவதாகக் கவுன்சிலர் மலைச்சாமி அதே மேடையில் வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து நேற்று வரை தண்ணீர் வந்தது. இன்று...’

இன்று. இன்னைக்கு என்னன்னு தெரியணுமே. இன்னும் வரலையே. அத ஒரு பிள்ளைய விட்டு தெனமும் பிரேயர்ல வாசிக்க வச்சா? இன்று வந்தது, இன்று வரவில்லை, இன்று தாமதம். ஆயிரம் பிள்ளைக கேட்டுட்டு ஆயிரம் வீட்டுல போயிச் சொல்லும். மலைச்சாமி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மூடுவாரு? ஒரு வார்த்த பொய்யில்லையே இதுல, சாரால மறுக்க முடியுமா? என்னண்ணே, நல்லாருக்கா? அண்ணே?

அண்ணே! ஏண்ணே குடத்தத் தூக்குறீங்க? எங்க ஓடுறீங்க? அந்தா போற தண்ணி வண்டி பின்னாடியா? அய்யோ, வராதுன்னு நான் சொல்லலண்ணே, இன்னும் வரலைன்னுதான் சொன்னேன்! அண்ணே, வேட்டியத் தூக்கிப் புடிங்க, தடுக்கும்! ...போயிட்டாரு. நம்ம பேச்ச நம்பி எடத்த விட்டுட்டு ஓடுறாரு பாரு.

மணி அடிக்குதுக்கா. நான் போறேன். நாக்கப் பெறகு அரச்சுக்க, இப்ப அதுக்கு வேல இருக்கு. எங்க அம்மா தகரத்த நீ பாத்துக்க. தண்ணி வந்தா உடனே ஒரு ஆள பள்ளிக்கூடத்துக்கு ஓட விடு. வரலைன்னாலும் ஓட விடு. எந்தச் சேதி வந்தாலும் என் பேரப் போட்டு வாசிச்சிருவேன்.